மட்டி அறுவடையின் ஆண்டு வரம்பு

ஒரு நீர்ப்பரப்பிலிருந்து ஓராண்டில் வணிகத்துக்காக எடுக்கத்தக்க மட்டியின் உச்ச அளவை முன்கூட்டியே கணக்கிட்டு அறிவிப்பது ஆண்டு அறுவடை வரம்பு எனப்படும். டன்னிலோ கூடைக் கணக்கிலோ அது குறிக்கப்படும். அந்த அளவை எட்டியதும் மறு ஆண்டு வரை அறுவடை நிற்க வேண்டும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இது சட்டம். இந்தியாவில் மட்டிக்கு டன் கணக்கில் வரம்பு கட்டும் வழக்கம் இல்லை. பருவத் தடையும் வலைக்கண் அளவும் சிறு மட்டிக்கான தடையும் அந்த வேலையைப் பார்க்கின்றன. அவை நன்றாகப் பலித்த இடமென்று உலக அளவில் பெயர் வாங்கியது கேரளத்தின் அஷ்டமுடிக் காயல். அவை மட்டும் போதாது என்று பின்னாளில் தெரிந்ததும் அங்கேதான்.

அஷ்டமுடிக்குப் போகும் வழியிலுள்ள தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் இந்தத் தொழிலின் இரண்டு களங்கள் அதற்கு இருபுறமும் இருக்கின்றன. மேற்கே, ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் கடந்து செங்கோட்டை வழியாக மலையேறும் நெடுஞ்சாலை கொல்லத்தில், அஷ்டமுடிக் கரையில் போய் முடிகிறது. கிழக்கே, சாத்தூர் வழியாக ஓடும் வைப்பாறு தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. அந்தக் கடலில் முத்துச்சிப்பி வளரும் கடலடித் திட்டுகளான பார்களுள் ஒன்றுக்கு வைப்பாற்றின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

வரம்பு கணக்கிடப்படும் முறை

மீன் நீந்திப் போய்விடும். மட்டி இருந்த இடத்தில் இருக்கும். குஞ்சுப் பருவத்தில் சில வாரங்கள் நீரோட்டத்தில் மிதந்து திரிந்த பின், மணலிலோ சேற்றிலோ புதைந்து, வாழ்நாள் முழுதும் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால் பிடிப்பதற்கு முன்பே அதை எண்ணிப் பார்க்க முடியும். படுகையில் ஆங்காங்கே சதுரச் சட்டம் வைத்து, அதற்குள் அகப்பட்டவற்றை எண்ணி, நீளம் அளந்து, எடை போட்டு, மொத்தப் பரப்புக்குப் பெருக்கினால் இருப்பு தெரிந்துவிடும். அதில் எவ்வளவு தானாகச் சாகும், எவ்வளவு புதிதாக வந்து சேரும், எவ்வளவு எடுத்தால் அடுத்த தலைமுறைக்கு முட்டையிடப் போதிய தாய் மட்டி மிஞ்சும் என்பவை அடுத்த கணக்குகள்.

இக்கணக்கை மிக விரிவாகச் செய்வது அமெரிக்காவின் நடு அட்லாண்டிக் மீன்வள மேலாண்மைக் குழு. அலைமட்டி, குவாஹாக் என்ற இருவகைக் கடல் மட்டிகளுக்கு 1977 முதல் அங்கே மேலாண்மைத் திட்டம் உண்டு. முதலில், எதற்கு மேல் எடுத்தால் வளம் குன்றும் என்ற எல்லையை அறிவியலாளர்கள் குறிக்கிறார்கள். ஆய்வில் எவ்வளவு நிச்சயமின்மை இருக்கிறதோ அதற்கேற்ப அந்த எல்லையிலிருந்து கொஞ்சம் கழிக்கிறார்கள். ஆண்டு வரம்பு இந்தக் கழித்த அளவைத் தாண்டக் கூடாது என்பது 2006இல் திருத்தப்பட்ட தேசிய மீன்வளச் சட்டத்தின் கட்டளை. அறிவு குறையக் குறைய அனுமதியும் குறையும் என்ற இந்த ஏற்பாடுதான் முறையின் உயிர். மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்.

அலைமட்டிக்கு 34 லட்சம் புஷல் கூடை, குவாஹாக்குக்கு ஏறத்தாழ 53 லட்சம் கூடை என்ற ஒதுக்கீடு அங்கே பல ஆண்டுகள் மாறாமல் நீடித்தது. பிடிப்போ பெரும்பாலும் அதற்குக் கீழேயே நின்றது. சந்தை கேட்டது அவ்வளவுதான். 1990இல் மொத்த வரம்பைப் பங்குகளாகப் பிரித்து, விற்கவும் வாங்கவும் உரிமை தந்து, படகு உரிமையாளர்களிடம் ஒப்படைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே அலைமட்டிப் படகுகள் பாதிக்கும் கீழே குறைந்தன. வளத்துக்கு அது நல்லது, லாபத்துக்கும் நல்லது. வேலை இழந்த படகோட்டிக்கு எப்படி என்பது வேறு கேள்வி. இந்தியக் காயலோரத்தில் வரம்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

குவாஹாக் மிக மெதுவாக வளர்வது. 2006இல் ஐஸ்லாந்துக் கடலில் எடுத்த ஒன்றின் வயது 507 என்று ஓட்டின் வளையங்களை எண்ணிக் கண்டார்கள். அப்படிப்பட்ட உயிருக்கு ஒரே அளவைப் பல ஆண்டுகளுக்கு நிர்ணயிப்பதில் பொருளுண்டு. சில ஆண்டுகளே வாழும் வெப்பமண்டல மட்டிக்கு அது பொருந்தாது. ஒரு நல்ல பருவத்தில் படுகை நிறைந்துவிடும். ஒரு பெருவெள்ளத்தில் காலியாகிவிடும். அத்தகைய மட்டியை ஆண்டுதோறும் புதிதாக எண்ண வேண்டும்.

முத்துப்பார்களின் முன்னுதாரணம்

எண்ணிய பின்னரே எடுப்பது என்ற நெறி மன்னார் வளைகுடாவில் பழையது. முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்த தொழிலல்ல. பருவம் பார்த்து அதிகாரிகள் குளியாட்களுடன் பார்களுக்குப் போய், மாதிரிச் சிப்பிகளை எடுத்துவரச் செய்து, அவற்றின் வயதையும் அடர்த்தியையும் பார்ப்பார்கள். சில ஆயிரம் சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தை மதிப்பிடுவார்கள். மதிப்புத் தேறினால்தான் சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு அறிவிக்கப்படும். தேறாவிட்டால் அந்த ஆண்டு குளிப்பு இல்லை. இன்றைய மொழியில் சொன்னால், ஆய்வு வேறுவிதமாகச் சொல்லும்வரை ஆண்டு வரம்பு பூஜ்யம். இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் இருந்தது சூழல் அக்கறையல்ல, அரசின் வருமானம். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளுக்கு, மீதி அரசுக்கு என்பது பிரிட்டிஷ் காலக் கணக்கு.

இந்தக் கட்டுப்பாட்டின் எல்லையும் அங்கேயே தெரிந்தது. இலங்கைப் பக்கத்தில் மறிச்சுக்கட்டியை மையமாக வைத்து 1905இல் நடந்த குளிப்பில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதைக் கண்ட மயக்கத்தில் மறு ஆண்டே லண்டன் கம்பெனி ஒன்று பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு 1925 வரை அங்கே குளிக்கச் சிப்பியில்லை. அளவுக்கு மீறி எடுத்தது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இப்பார்களை ஆராய்ந்த ஹெர்ட்மனும், பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத்துறைக்குத் தலைவரான ஜேம்ஸ் ஹார்னலும் புரளும் மணலையும் சிப்பியைத் தின்னும் திருக்கை மீன்களையும் முக்கியமாகக் குறித்தார்கள். தூத்துக்குடிப் பக்கம் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசிச் சலாபம்.

அஷ்டமுடி

கல்லடையாற்று நீரும் நீண்டகரை முகத்துவாரம் வழியே ஏறும் கடல்நீரும் கலக்கும் அஷ்டமுடி, வேம்பநாட்டுக்கு அடுத்து கேரளத்தின் இரண்டாவது பெரிய காயல். 2002 முதல் ராம்சார் ஈரநிலம். முகத்துவாரத்தை ஒட்டிய உவர்நீர் மணலில் வளரும் மஞ்சள்கால் மட்டி 1980களில் திடீரென்று பணமானது. தென்கிழக்கு ஆசிய நாடுகளிலிருந்து உறைமட்டிச் சதைக்குத் தேவை எழுந்ததுதான் காரணம். ஓடத்தில் போய் மூழ்கிக் கையால் பொறுக்குவது, நீண்ட கம்பின் முனையில் இரும்புச் சட்டமும் வலைப் பையும் பொருத்திப் படுகையைக் கீறி அள்ளுவது என இரண்டு வழிகள். கரைக்கு வந்ததை அவித்து, ஓடு நீக்கி, சதையைப் பிரிக்கும் வேலையில் பெண்கள் அதிகம். எடுப்பவர், அவிப்பவர், வாங்கி விற்பவர் என மூவாயிரம் பேருக்கு இது பிழைப்பாக இருந்தது.

1991இல் பிடிப்பு 10,000 டன்னைத் தொட்டது. 1993க்குள் பாதியாகச் சரிந்தது. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகளை ஒட்டி அப்போது வகுத்த விதிகள் இன்றும் படிக்கத் தக்கவை. இனப்பெருக்கக் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அறுவடை கூடாது. வலைக்கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. எந்திரம் கொண்டு வாருவது கூடாது. ஏற்றுமதிச் சதை கிலோவுக்கு 1,400 எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது.

நான்கில் கடைசி விதிதான் கெட்டிக்காரத்தனமானது. கிலோவுக்கு 1,400 என்றால் ஒரு மட்டியின் சதை சராசரியாக 0.7 கிராமாவது இருந்தாக வேண்டும். குஞ்சு மட்டியைக் கலந்தால் எண்ணிக்கை ஏறிச் சரக்கு கழிந்துவிடும். காயலில் பரவிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான ஓடங்களைக் கண்காணிப்பது நடக்காத காரியம். ஏற்றுமதிச் சரக்கு போய்ச் சேரும் ஆலைகளின் வாசலில் தராசு வைப்பது நடக்கும். ஆலை வாங்காததை ஓடக்காரர் எடுக்கமாட்டார்.

சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து வைத்திருக்கலாம் என்று வரம்பு கட்டியிருப்பதைப்போல, இந்த விதிகளும் ஒவ்வொரு கையும் எடுப்பதை நெறிப்படுத்துகின்றன. எத்தனை கைகள் எடுக்கின்றன, ஆண்டு முடிவில் கூட்டுத்தொகை எவ்வளவு என்பதை அவை கேட்பதில்லை.

ஆயினும் பிடிப்பு மீண்டது. அதன்பின் நெடுங்காலம் ஆண்டுக்கு 10,000 டன்னை ஒட்டியே நின்றது. உலக வனவிலங்கு நிதியத்தின் இந்தியக் கிளை, ஆராய்ச்சி நிறுவனம், கேரள மீன்வளத்துறை மூன்றும் சேர்ந்து முயன்றதில் 2014 நவம்பரில் வளம் குன்றாத மீன்பிடிப்புக்கான கடல் மேற்பார்வை மன்றத்தின் சான்று கிடைத்தது. இந்தியாவில் எந்த மீன்பிடித் தொழிலுக்கும் அதற்கு முன் அச்சான்று கிடைத்ததில்லை. ஆசிய மட்டித் தொழிலில் அஷ்டமுடிக்கு முன்னோடி, 2009இல் இதே சான்று பெற்ற வியட்நாமின் அன்றைய பென் செ மாகாணம். அங்கே கூட்டுறவுகள் படுகையைப் பங்கு போட்டுக் காத்து, இருப்பைப் பார்த்து அறுவடை அளவை முடிவு செய்தன. அஷ்டமுடியிலும் தொழிலாளரும் வணிகரும் அதிகாரிகளும் அமரும் குழு அமைந்தது. படுகைக்கு உரிமையாளர் இல்லை என்பதால் அந்தக் குழுவின் கையிலிருந்தது பெரும்பாலும் இணங்கவைக்கும் வேலையே.

வரம்புக்கு அடங்காதவை

பிறகு வந்த சரிவுக்கு மட்டி எடுத்தவர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சரு என்னும் கறுப்புச் சிப்பி இனம் காயலில் புகுந்து, படுகையைப் பாய்போல் மூடி, மட்டி இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2019 வாக்கில் அதன் பெருக்கம் ஆய்வாளர் கவனத்துக்கு வந்தது. மாசும், மழைப்பொழிவு மாறியதால் ஏறி இறங்கும் உவர்த்தன்மையும் அதோடு சேர்ந்தன. மஞ்சள்கால் மட்டியின் ஆண்டுப் பிடிப்பு ஆயிரம் டன்னுக்கும் கீழே போனது. கிலோவுக்கு 1,400 என்ற விதி சருவைத் தடுக்காது. முகத்துவாரத்தில் உப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று எந்த அறுவடைக் குழுவும் உத்தரவிட முடியாது.

வேம்பநாட்டின் கதையும் இதே திசையில்தான் போகிறது. நாட்டின் மிகப் பெரிய மட்டி வளமான அங்குள்ள கறுப்பு மட்டி, சதைக்கு மட்டுமன்றி ஓட்டுச் சுண்ணாம்புக்கும் அள்ளப்பட்டது. கோட்டயத்து வெள்ளைச் சிமென்ட் ஆலைக்கு அது மூலப்பொருளாக இருந்தது. 2006இல் 75,000 டன்னாக இருந்த அறுவடை 2019இல் 42,000 டன்னுக்கு இறங்கியது. நெல் வயலைக் காக்க 1970களில் கட்டி முடித்த தண்ணீர்முக்கம் தடுப்பணை காயலின் தென்பகுதியில் உப்பேறாமல் தடுத்ததும், குஞ்சு மட்டியை அள்ளியதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. தமிழ்நாட்டுக் கழிமுகங்களுக்கும் இது பொருந்தும். ஆனைக்குட்டத்திலும் இருக்கன்குடியிலும் தேக்கிய நீர் போக வைப்பாற்றில் எவ்வளவு கடல்வரை வருகிறது என்பதைப் பொறுத்தே அதன் முகத்துவாரத்து உயிர்கள் இருக்கும்.

வரம்பின் கடைக்கோடி முழுத்தடை. பவளப்பாறைகளில் வாழும் ராட்சத மட்டி இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றில் ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது.

அஷ்டமுடியில் 2024 பிப்ரவரியில் வேறொரு வேலை தொடங்கியது. ஆராய்ச்சி நிறுவனத்தின் விழிஞ்ஞம் மையத்தில் பொரித்து வளர்த்த 30 லட்சம் மஞ்சள்கால் மட்டிக் குஞ்சுகளைக் கேரள அரசின் திட்டத்தில் காயலில் இட்டார்கள். இட்டவற்றில் எத்தனை நிலைத்தன என்று படுகையில் சட்டம் வைத்து எண்ணாமல் அங்கே அறுவடையைத் திறந்தால், 1991ஐ அடுத்து நடந்ததே மறுபடி நடக்கும். எண்ணும் செலவு ஆண்டுதோறும் வரும். அதை யார் கொடுப்பது, சதையை ஏற்றுமதி செய்யும் ஆலையா, அரசா என்பதுதான் இனி முடிவாக வேண்டியது.