குளிர்காலமும் கொதிகஞ்சியும்: அயர்லாந்துப் பெரும் பஞ்சம் உணர்த்தும் உண்மை

குளிர்காலத்தில் உடலுக்கு வெம்மையூட்டும் உணவை உண்ணல் வேண்டும் என்பது எல்லா நாட்டு மக்களும் பட்டறிவால் அறிந்த உண்மை. ஆயினும் அவ்வுணவைப் பெறுவதற்குத் தானியம் மட்டும் போதாது. அடுப்பும் எரிபொருளும், சமைக்கும் முறையறிவும் அதற்கான ஓய்வும் வேண்டும். இவற்றை மக்கள் இழந்தவிடத்து அரசின் கடமை யாது? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பெரும் பஞ்சத்தின் வரலாற்றை நோக்குதல் தகும்.

பஞ்சத்துக்கு முன்னர் அயர்லாந்தின் ஏழை உழவனது குளிர்கால உணவு எளியதே. எனினும் சத்துக் குறைந்ததன்று. இலையுதிர்காலத்தில் கிண்டியெடுத்த உருளைக்கிழங்கைக் குழிகளில் மூடிவைத்து, வேண்டியபோது எடுத்து அவித்தனர். சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய கரிமண் எரிபொருளாயிற்று. உழைக்கும் ஆண்மகன் ஒருவன் மோரோடு நாளொன்றுக்கு 10 இறாத்தலுக்கு மேற்பட்ட கிழங்கை உண்டான். பழைய கிழங்கு தீர்ந்து புதியது விளையாத கோடை மாதங்களே அவர்களுக்குப் பசிக்காலமாயின; குளிர்காலம் அன்று.

1845இல் விளைச்சலின் ஒரு பகுதியை அழித்த கிழங்கு நோய், 1846இல் ஏறக்குறைய முழுவதையும் அழித்தது. முதலாண்டில் பிரதமர் சேர் றொபேட் பீல் அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளத்தை வருவித்தார். கடினமான அத்தானியத்தை அரைக்கும் ஆலைகள் போதியனவாக இருக்கவில்லை. நெடுநேரம் வேகவைக்க வேண்டும் என்பதையும் மக்கள் அறிந்திலர். அரைவேக்காட்டில் உண்டோர் வயிற்றுநோயால் வருந்தினர். தானியம் வந்து சேர்ந்தது. அதனை உணவாக்கும் வழி வந்து சேரவில்லை.

பீலின் பின் ஆட்சிக்கு வந்த ஜோன் ரசல் பிரபுவின் அரசாங்கம் சந்தையின் போக்கில் தலையிட மறுத்தது. வேலை செய்தாலன்றி உதவியில்லை என்பது அதன் கொள்கை. திறைசேரியில் இருந்து நிவாரணத்தை நெறிப்படுத்தியவர் சார்ள்ஸ் ட்றிவெலியன். பின்னர் 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவரும் அவரே. கடுங்குளிர் வாட்டிய 1846 - 47 குளிர்காலத்தில், கந்தையணிந்த ஆண்களும் பெண்களும் சிறுவரும் உறைபனியில் நின்று கல்லுடைத்துத் தெரு அமைத்தனர். 1847 மார்ச்சில் இவர்களின் தொகை 7 இலட்சத்தைத் தாண்டியது. பெற்ற கூலியோ ஏறிய விலைக்கு ஈடாகவில்லை. குளிரில் உழைக்கும் உடலுக்கு மிகுந்த உணவு வேண்டும். அவர்களுக்கோ இருந்த உடல்வலியும் அவ்வேலையிலேயே தேய்ந்தது.

இக்குளிர்காலத்தில் சூடான கஞ்சி வார்க்க முன்வந்தோருள் குவேக்கர் எனப்படும் நண்பர் சபையினர் குறிப்பிடத்தக்கவர். அவர்கள் காட்டிய வழியை அரசும் மேற்கொண்டது. 1847 பெப்ரவரியில் நிறைவேறிய தற்காலிக நிவாரணச் சட்டம் நாடெங்கும் கஞ்சிக்கூடங்களை நிறுவ வகைசெய்தது. ஆனால் அவை பல இடங்களில் இயங்கத் தொடங்குமுன்னரே, மார்ச் மாதத்தில் தெருவேலைகளிலிருந்து தொழிலாளர் நீக்கப்படலாயினர். இவ்விடைவெளியில் மாண்டோர் பலர்.

இலண்டனின் புகழ்பெற்ற சமையற்கலைஞரான அலெக்சிஸ் சோயர் 1847 ஏப்ரலில் டப்ளினில் மாதிரிக் கஞ்சிக்கூடம் ஒன்றைத் திறந்தார். மணியொலிக்க நூறு நூறு பேராக உள்ளே சென்று, சங்கிலியிற் பிணைத்த கரண்டியால் உண்டு வெளியேறினர். திறப்பு நாளில் செல்வர்கள் கட்டணம் செலுத்தி அக்காட்சியைப் பார்வையிட்டனர். சோயரின் கஞ்சியில் சத்துப் போதாதென 'லான்செற்' மருத்துவ இதழ் கண்டித்தது. சமைத்த உணவையே வழங்கவேண்டும் என்ற விதியும் பரிவினால் மட்டும் எழுந்ததன்று. மாவாகக் கொடுத்தால் விற்றுவிடுவர் என்ற ஐயமே அதற்குப் பெரிதும் காரணமாயிற்று. பாத்திரமேந்தி வரிசையில் நிற்பதை மக்கள் இழிவாகக் கருதினர்.

இத்தனை குறைபாடுகள் இருந்தும் அத்திட்டம் உயிர் காத்தது என்பதை மறுத்தலாகாது. 80 இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த மக்கள்தொகையில், 1847 யூலையில் நாள்தோறும் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் உணவு பெற்றனர். செலவோ தெருவேலைகளுக்கு ஆனதிற் பாதியினும் குறைவு.

எனினும் அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் கஞ்சிக்கூடங்கள் மூடப்பட்டன. விளைந்த கிழங்கில் நோய் குறைவாயிருந்தமையால் பஞ்சம் தீர்ந்ததென அரசு எண்ணியது. விதைக்கிழங்கின்மையால் நடப்பட்ட நிலமே சிறிது என்பதை அது பொருட்படுத்தவில்லை. பொறுப்பு முழுவதும் வறியோர் சட்டத்தின் மேற் சுமத்தப்பட்டது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்போர் அதனைக் கைவிட்டாலன்றி உதவி பெறவியலாது என்றும் விதிக்கப்பட்டது. இவ்வாறு, கோடையில் எரிந்த அடுப்புக்கள் குளிர் தொடங்குங்காலத்தில் அணைக்கப்பட்டன. பஞ்சம் முடிவதற்குள் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். மேலும் அத்தனை பேர் நாட்டைவிட்டு வெளியேறினர்.

பசித்தோர்க்கு உணவளிக்க இயலாத அளவுக்குப் பிரித்தானிய அரசு வலுவற்றிருந்தது எனக் கூறுதல் பொருந்தாது. 30 இலட்சம் பேருக்கு நாள்தோறும் சமைத்த உணவை வழங்கமுடியும் என்பதை அவ்வரசே மெய்ப்பித்துக் காட்டியது. இயலும் என அறிந்தபின் நிறுத்தியமையே வரலாறு அதன்மீது சாட்டும் குற்றமாகும்.