ஏலாக்குறிச்சி முனிவரின் அகராதியும் நூலகரின் ஊழியமும்

இறையியற் கல்லூரிகளில் நூலகப் பொறுப்பு பல வேளைகளில் ஓர் ஆசிரியருக்குக் கூடுதற் பணியாக அளிக்கப்படுகிறது. நூல்களைக் காப்பதும் கொடுத்து வாங்குவதுமே அப்பணி என்று நானும் ஒருகாலத்தில் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தைத் திருத்தியவர் அரியலூர்ப் பகுதியிலிருந்து வந்த ஒரு மாணவர்.

உபதேசிமாரின் பயிற்சியைப் பற்றி ஆய்வுரை எழுதிய அவர், “ஐயா, வேதியரொழுக்கம் நம் நூலகத்தில் உண்டா?” என்று கேட்டார். ‘வீரமாமுனிவர்’ என்னும் பெயரில் அட்டைகளைப் புரட்டிவிட்டு, “இல்லை, தம்பி” என்றேன். சில வாரங்களுக்குப் பின் ‘பெஸ்கி’ என்னும் பெயரின்கீழ் அந்நூலின் அட்டை அகப்பட்டது. அதற்குள் அவர் ஆய்வுரையை ஒப்படைத்துவிட்டார். தைரியநாதசுவாமி என்றும் வழங்கப்பட்ட அவ்வாசிரியரின் பெயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் குறிப்பட்டை ஒன்றை நான் எழுதி வைத்திருந்தால் போதுமாயிருந்தது. நூல் இருந்தும் இல்லாததாயிற்று, குறை என்னுடையது.

அம்மாணவர் தேடிய ஆசிரியரே, தேடுவோரின் இடரை நன்கு அறிந்தவர் என்பது பின்னரே என் கருத்தில் பட்டது. பெரம்பலூரும் அரியலூரும் முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2007-ல் அரியலூர் நிலையாகப் பிரிந்தது. அவ்வரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் உள்ளது ஏலாக்குறிச்சி. இத்தாலியில் 1680-ல் பிறந்த இயேசு சபைக் குருவாகிய வீரமாமுனிவர் நெடுங்காலம் தங்கிப் பணிசெய்த ஊர் அது. அக்காலத்தில், 1732-ல், அவர் சதுரகராதியை இயற்றினார்.

அதற்கு முன் சொற்பொருள் அறிய நிகண்டுகளே துணை. திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகியவை செய்யுளால் இயன்றவை. தெய்வம், மக்கள், விலங்கு, மரம் எனப் பொருள்வகையாய் அமைந்தவை. மனப்பாடம் செய்தவனுக்கு அவை கருவூலம். செய்யாதவனுக்குப் பூட்டிய அறை. 1594-ல் சிதம்பர ரேவணசித்தர் தம் அகராதி நிகண்டில் முதலெழுத்து வரிசையைக் கையாண்டு ஒரு வழி திறந்தார். வீரமாமுனிவர் அடுத்தடுத்த எழுத்துகளுக்கும் அவ்வரிசையை விரித்தார்.

அவர் வகுத்த பிரிவுகள் நான்கு. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் காட்டுவது பெயரகராதி. ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தருவது பொருளகராதி. ஐம்பொறி முதலிய தொகைகளை விரிப்பது தொகையகராதி. செய்யுள் இயற்றுவோருக்கு எதுகைச் சொற்களை உதவுவது தொடையகராதி. முதல் மூன்றிற்கும் உரிய செய்திகள் நிகண்டுகளிலும் உண்டு. ஆயினும், கேட்பவன் எக்கேள்வியோடு வருகிறான் என்று முன்னரே நினைந்து, அக்கேள்விக்கு ஏற்ற வாயிலை அமைத்ததே முனிவரின் தொண்டு. நூலகரின் தொண்டும் அதுவே.

இம்முனிவர் நம் சீர்திருத்தச் சபையின் நண்பரல்லர். தரங்கம்பாடி லுத்தரன் மிஷனெரிகளை மறுத்து வேத விளக்கம், பேதகமறுத்தல் முதலிய நூல்களைக் கடுமையாக எழுதினார். அத்தரங்கம்பாடியிலோ, 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு, தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு 1708-ல் அட்டவணை எழுதினார். தமிழ் நூல்களைப் பற்றிய குறிப்புகள் அதில் உள்ளன. அவற்றுட் பல, அவர் சமயத்துக்குப் புறம்பானவை. சமயக் கருத்தில் மாறுபட்ட இவ்விரு மரபினரும், பின்வருவோர் தேடிக் கண்டடைய வழிசெய்வதில் ஒன்றுபட்டனர். அவர்களுடைய வாதங்களை இன்று வரலாற்று மாணவரே நாடுகின்றனர்; அகராதியும் அட்டவணையும் எல்லாருக்கும் பயன்படுகின்றன.

சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் வாசகரின் காலத்தைக் காப்பதையும் ஒன்றாக வைத்தார். என் மாணவரிடம் நான் மீறிய விதி அது.

இன்று அட்டைகளின் இடத்தைக் கணினி ஏற்றுவருகிறது. எனினும் ஒருவரே பெஸ்கியும் வீரமாமுனிவரும் ஆவார் என்பதை யாரேனும் அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். மேலும், நமக்கு மாறான கருத்துடைய நூலையும் மாணவர் கையில் மனமுவந்து எடுத்துக்கொடுக்க வேண்டும். மறுக்கத்தக்கதைப் படியாமலே மறுக்கும் போதகர், பிரசங்க பீடத்தில் அயலானுக்கு விரோதமாய்ப் பொய்ச்சாட்சி சொல்ல நேரும். தேடி வருபவருக்கு “இல்லை” என்று சொல்லுமுன், இன்னும் ஒரு பெயரின்கீழ் தேடிப் பார்ப்பதும் திருப்பணியே.