களனிக் கரையில் பப்டிஸ்ட் சபை

மாளிகாவத்தையிலிருந்து வடக்கு நோக்கிச் சிறிது தூரம் சென்றால் கிராண்ட்பாஸ் வரும். பாலத்துறை எனத் தமிழர் வழங்கும் அவ்விடம் முன்னாளிற் களனி கங்கையைக் கடக்கும் பெருந்துறையாயிருந்தது. போர்த்துக்கேயர் இட்ட பெயரின் பொருளும் அதுவே. 1822 இல் தோணிகளை வரிசையாகப் பிணைத்து அங்கு மிதவைப் பாலம் அமைத்தனர். இத்துறையை அண்டியும், ஆற்றோட்டத்தின் மேற்பகுதியில் உள்ள ஹங்வெல்ல என்னும் சிற்றூரிலும் இலங்கைப் பப்டிஸ்ட் சபை வேரூன்றியது.

இச்சபையைத் தொடக்கியவர் ஜேம்ஸ் சேற்றர். இரங்கூனிற் பணியாற்றிய பின் 1812 இல் அவர் கொழும்பை அடைந்தார். இந்தியாவிற் கிழக்கிந்தியக் கம்பனி மிசனரிமாரை விரும்பாத காலம் அது. இலங்கையோ 1802 முதல் முடிக்குரிய குடியேற்றநாடு. ஆதலின் இங்கே கதவு திறந்திருந்தது. 1815 இல் சிங்கள இலக்கண நூலொன்றை வெளியிட்ட சேற்றர், விவிலியத்தின் சிங்கள மொழிபெயர்ப்பிலும் பங்குகொண்டார். வெஸ்லியன் சங்கத்தார் 1814 இலும், அமெரிக்க மிசனரிமார் 1816 இலும் வந்து யாழ்ப்பாணத்திற் காலூன்றினர். சேற்றர் சிங்களத்தின் பக்கம் நின்றமையாற் போலும், நம்மவர் எழுதும் வரலாறுகளில் அவர் பெயர் அரிதாகவே தலைகாட்டுகின்றது.

ஏனைய சபைகளோடு ஒப்பிட இச்சபை சிறிதாகவே இருந்தமைக்குக் காரணம் யாது? பணக்குறைவு, ஆட்குறைவு என்று கூறி விடுதல் எளிது. ஆயின் மூலகாரணம் கொள்கையிலேயே கிடக்கின்றது. ஒல்லாந்தர் ஆட்சியில் ஞானஸ்நானம் சமயச் சடங்காக மட்டும் இருக்கவில்லை. பாடசாலைத் தோம்பில் பெயர் ஏறவும், திருமணம் பதிவாகவும், அரச உத்தியோகம் கிட்டவும் அதுவே வாயில். எனவே கோயிலுக்கும் விகாரைக்கும் செல்வோர் பலர் தோம்பிற் கிறிஸ்தவராய் இருந்தனர். அத்தகைய சமூகத்தில், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடோம், தானே விசுவாசத்தை அறிக்கையிடும் வயதுவந்தோரையே நீரில் மூழ்குவிப்போம் என்று ஒரு சபை கூறுமாயின் அதனிடம் எத்தனைபேர் வருவர்? பதிவேட்டையும் விசுவாசத்தையும் பிரித்துக் காட்டிய துணிவு பாராட்டத்தக்கதே. அதற்குரிய விலை ஆட்டொகையின் குறைவு.

சேற்றர் 1829 இல் தாயகம் திரும்பும் வழியிற் கடலிலேயே இறந்தார். மறு ஆண்டு வந்த எபனேசர் டானியல், தலைநகரோடு அமையாது கிராமந்தோறும் சென்று போதித்தார்; பாடசாலைகளையும் வளர்த்தார். 1844 இல் அவர் மறைந்தபோது, சபையின் உயிர்ப்பு கோட்டையிலும் பேட்டையிலும் இருந்ததைவிடக் கொழும்பின் உட்புறக் கிராமங்களிலேயே மிகுந்திருந்தது.