வளைகளைப் படித்த மக்கள்

ஆரணி என்றதும் பட்டுத்தறியின் ஓசையே பலருக்கு நினைவுக்கு வரும். ஆயினும் ஊரைச் சூழ்ந்திருப்பவை நெல் வயல்கள். அவ்வயல்களின் வரப்புகளுக்குள் மற்றோர் ஊர் மறைந்திருக்கிறது. அது எலிகளின் ஊர். அதனை ஆராய்ந்து அறிந்தவர் யாவர் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வளைவாழ் உயிர்களைப் பற்றிய ஆராய்ச்சி என்றால் அமெரிக்கப் புல்வெளிகளையே பலரும் சுட்டுவர். அங்கே 'புல்வெளி நாய்' எனப்படும் அணில் இனத்துப் பிராணி கூட்டங்கூட்டமாக வளை தோண்டி வாழ்கிறது. 1804 செப்டம்பரில் லூயிஸ், கிளார்க் ஆகியோர் தலைமையில் சென்ற குழுவினர், வளைக்குள் தண்ணீர் ஊற்றி ஒன்றை உயிருடன் பிடித்தனர். 1955-இல் ஜான் கிங் என்னும் அறிஞர் அவற்றின் குடும்ப வாழ்வையே விரிவாக எழுதினார்.

நம் நாட்டுச் செய்தி என்ன? 1839-இல் சென்னை அறிவியல் இதழொன்றில் வால்டர் எலியட் என்னும் பிரித்தானிய அதிகாரி, தென் மராட்டியப் பகுதியின் விலங்குகளை வரிசைப்படுத்தினார். குளம் வெட்டும் ஒட்டர்கள் எலி வளைகளைத் தோண்டித் தானியம் எடுப்பதையும், ஒரே வளையில் அரைச் சேர் வரை கிடைப்பதையும் அதில் குறித்தார். எலியட்டின் பெயர் நூல்களில் நிலைத்தது. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் நிலைக்கவில்லை.

எங்கள் வட்டாரத்தில் அக்கலையில் வல்லவர்கள் இருளர்கள். அறுவடை முடிந்த வயலில் அவர்கள் நடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். வளைவாயில் குவிந்த மண்ணின் ஈரத்தைக் கொண்டே எலி உள்ளே இருப்பதை உணர்வர், தப்பும் வழிகளைத் தேடி அடைப்பர், கலயத்தில் புகை மூட்டி வாயால் ஊதுவர், பின்னரே தோண்டுவர். கதிர் சேமித்த அறை எத்திசையில் இருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். 'எலி வளையானாலும் தனி வளை' என்கிறது பழமொழி. வளர்ந்த வயலெலி பெரும்பாலும் தனி வளையிலேயே வாழ்கிறது என்று விலங்கியலும் சொல்கிறது.

இவ்வறிவுக்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. புகை நெஞ்சை அரித்தது. தீ கையைச் சுட்டது. இத்துயர் நீக்க, கையால் சுழற்றும் எஃகுப் புகைக்கருவி ஒன்று உருவாக்கப்பெற்று, 2003-இல் உலக வங்கியின் போட்டியில் பரிசு பெற்றது. அதற்கு முன்னரே, 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டதால் அவர்களது மற்றொரு பிழைப்பும் போயிற்று. 1978-இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நஞ்செடுக்கும் தொழிலால் பலருக்கு வாழ்வளித்தது.

2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், தன் சதுப்புநிலத்தில் பெருகிய மலைப்பாம்புகளைத் தேட இருளர் இருவரை அழைத்தது. அவ்விருவரான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். ஏட்டில் ஏறாத அறிவுக்குப் பெயருடன் ஓர் இடம் கிடைத்தது.

ஆனால் வரப்பில் குனிந்து வளையைப் படிக்கும் முதியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இன்னும் இருக்கிறார்கள். மாணவர்கள் அவர்களிடம் சென்று கேட்டு, சொன்னவர் பெயரோடு எழுதி வைப்பார்களாக! அதுவும் வரலாறே.