மின்தடை

செய்தித்தாளில் மின்தடை என்றால் மின்சாரம் நின்றுபோவது. பாடநூலிலோ அது மின்னோட்டத்துக்குக் கடத்தி காட்டும் எதிர்ப்பு, அதாவது மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் ஓம் அலகில் கிடைக்கும் அளவு. 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும் இஸ்திரிப் பெட்டியின் தடை 46 ஓம். அந்த வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வரும் 1150 வாட் அதன் திறன், இலங்கைப் பாடநூல் வழக்கில் வலு. ‘தடு’ என்னும் வினையிலிருந்து பிறந்த தடை, பழைய உரைகளில் ஒரு கருத்தை மறித்து எழுப்பும் வினாவையும் குறித்தது. அதற்கு இறுப்பது விடை. வாதத்தை முடக்காமல் எதிர்நிற்கும் அந்தப் பழம்பொருளே கலைச்சொல்லுக்கு நெருக்கமானது, ஏனெனில் இஸ்திரிப் பெட்டியின் சுருள்கம்பி மின்னோட்டத்தை அறுப்பதில்லை, மட்டுப்படுத்தி அதன் ஆற்றலை வெப்பமாக்குகிறது. மின்சாரம் நிற்பதைச் சொல்ல மின்வெட்டு, மின்நிறுத்தம் என்னும் சொற்கள் வழக்கில் இருக்க, மாணவர் குழம்பாதபடி மின்தடையை ஓம் கணக்குக்கே விட்டுவிடுவது நல்லது.