பவழக்காரத் தெருவும் ஒரு தட்டுக் கெஃப்தேயும்

ராயபுரத்திலிருந்து தெற்கு நோக்கி நடந்து, பழைய நகரச் சுவர் நின்ற எல்லையைக் கடந்தால் முத்தியால்பேட்டை வந்துவிடும். அங்கே பவழக்காரத் தெரு என்றொரு தெரு உண்டு. துறைமுகச் சரக்கு வண்டிகளின் இரைச்சலில் அப்பெயரின் பொருளை நாம் நின்று எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தச் செம்பவழம் மத்தியதரைக் கடலில் எடுக்கப்பட்டு, இத்தாலியின் லிவோர்னோ நகரில் மெருகேறி, லண்டன் வழியாகச் சென்னைக்குக் கப்பலேறி வந்த சரக்கு. அதைக் கொண்டுவந்து விற்றவர்களுள் முக்கியமானோர் போர்ச்சுகீசிய வழிவந்த யூத வணிகர்கள். தெருவின் பெயரை அவர்களோடு சேர்த்தே சென்னையின் வரலாற்றை எழுதியோர் சொல்கின்றனர்.

அண்மையில் எம் வீட்டு அடுக்களையில் செய்து பார்த்த ஒரு பலகாரம் நம்மை மீண்டும் அந்தத் தெருவுக்கு இட்டுச் சென்றது. 'கெஃப்தே தெ பிராசா' என்பது அதன் பெயர். லீக் என்னும் தண்டுக் கீரையை வேகவைத்துப் பிசைந்து, தட்டையாகத் தட்டிப் பொரிப்பது. கிரேக்கத்திலும் துருக்கியிலும் வாழ்ந்த செஃபார்டிய யூதர்களின் வீட்டு உணவு இது.

'செஃபராத்' என்பது எபிரேய மொழியில் ஸ்பெயினுக்கு வழங்கும் பெயர். 1492இல் ஸ்பெயின் தன் யூதக் குடிகளை வெளியேற்றியது. 1497இல் போர்ச்சுகல் அவர்களைக் கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளாக்கியது. சிதறியவர்களுள் ஒரு கிளை கிழக்கே சென்று ஓட்டோமன் பேரரசில், குறிப்பாகச் சலோனிகாவில், குடியேறியது. இன்றைய தெஸ்ஸலோனிகி அதுவே. மற்றொரு கிளை காலப்போக்கில் ஆம்ஸ்டர்டாம், லிவோர்னோ, லண்டன் ஆகிய வணிக நகரங்களில் நிலைகொண்டது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைக்கு வந்தவர்கள் இந்த இரண்டாம் கிளையினர்.

பவழத்தை இறக்கிக் கோல்கொண்டா வைரத்தை ஏற்றுவது அவர்களது வணிகம். 1688இல் சென்னை மாநகராட்சி அமைக்கப்பட்டபோது நியமனம் பெற்ற பன்னிரண்டு ஆல்டர்மன்களுள் மூவர் யூதர். இந்நகரில் அவர்களுக்கு இருந்த செல்வாக்குக்கு இது ஒன்றே சான்று. அவர்களுள் புகழ்பெற்ற வணிகரான ழாக் டி பைவா, அதற்கு முந்தைய ஆண்டே, 1687இல், இங்கே மறைந்துவிட்டார். 18ஆம் நூற்றாண்டில் பிரேசில் வைரம் சந்தைக்கு வந்தது. கோல்கொண்டாவின் ஒளி மங்கியது. வணிகம் சுருங்க, சமூகமும் கரைந்தது. மின்ட் தெருப் பக்கம் இருந்த அவர்களது இடுகாட்டுக்கும் நிலைத்த இடம் வாய்க்கவில்லை. கல்லறைக் கற்கள் இடம் மாறிச் சில காலம் நம் காசிமேட்டில் கிடந்தன என்றும், துறைமுக விரிவாக்கத்தின்போது அங்கிருந்தும் பெயர்ந்தன என்றும் கூறுவர். இன்று அவை லாயிட்ஸ் சாலையில், அதாவது அவ்வை சண்முகம் சாலையில் உள்ள சிறிய இடுகாட்டில் இருக்கின்றன.

இனி அடுக்களைக்கு வருவோம். இலங்கைத் தமிழருக்கு லீக்ஸ் அன்றாடக் கறி. நுவரெலியாவில் விளைந்து சந்தை முழுதும் கிடைக்கும். சென்னையில் அதைத் தேடித்தான் வாங்க வேண்டும். கிடைக்காதபோது வெங்காயத்தாளோடு சிறிது வெங்காயம் சேர்த்தால் ஒருவாறு ஈடாகும். ஒரு கிலோ லீக்கைப் பிளந்து, இடுக்குகளில் ஒளிந்திருக்கும் மண் போகக் கழுவி, நறுக்கி, உப்பு நீரில் இருபது நிமிடம் குழைய வேகவைத்தோம். அதனுடன் வேகவைத்த உருளைக்கிழங்கு இரண்டு, முட்டை இரண்டு, நான்கு கரண்டி ரொட்டித்தூள், உப்பு, மிளகு. உள்ளங்கையில் உருட்டித் தட்டி, மாவில் புரட்டி, அடித்த முட்டையில் தோய்த்து, எண்ணெயில் இருபுறமும் சிவக்கப் பொரித்தெடுக்க வேண்டும். இறைச்சி சேர்க்கும் வீடுகளில் உருளைக்கிழங்குக்கு மாற்றாகக் கொத்திய கறி. பாஸ்கா நாட்களில் ரொட்டித்தூளுக்கு மாற்றாகப் புளிப்பேறாத மாட்ஸாவின் தூள்.

முதல் ஈடு எண்ணெயில் இட்டதுமே பிரிந்து போயிற்று. நீரை ஒட்டப் பிழியாததே காரணம். வெந்த லீக்கைத் துணியில் கட்டி, கை வலிக்கப் பிழிந்த பின்னரே இரண்டாம் ஈடு உருக்கொண்டு நின்றது. இந்தப் பலகாரத்தின் சூட்சுமம் மசாலையில் இல்லை, பிழிவதில் இருக்கிறது.

உண்ணும்போது உடனிருந்த நண்பர், "கொத்துக்கறியின் கொத்துதான் கெஃப்தே ஆயிற்று, நம்மிடமிருந்து போனதுதான்" என்றார். நாற்பது வயதைக் கடந்த தமிழாசிரியருக்கு இந்தச் சபலம் புதிதன்று. வகுப்பறையில் நாமே இதற்கு ஆட்பட்டிருக்கிறோம். ஆனால் ஒலி ஒப்புமை உறவாகிவிடாது. பாரசீகத்தில் இடித்தலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது கோஃப்தா. அது துருக்கியில் கோஃப்தேயாகவும், கிரேக்கத்தில் கெஃப்தேதஸாகவும், சலோனிகா யூதரிடம் கெஃப்தேயாகவும் வழங்கியது. அதே சொல் கிழக்கே திரும்பி இந்தியாவுக்கும் வந்தது. 1856இல் ராயபுரத்தில் ரயில் நிலையம் திறக்கப்பட்ட பின்னர் இப்பகுதியில் பெருகிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், தேங்காய்ப்பால் சோற்றோடு உண்ணும் பால் கறியில் மிதப்பது அந்தக் கோஃப்தாவே.

அதே வேளையில், சொல் தொடர்பு இல்லாத இடத்திலும் கை ஒன்றாக இருப்பதுண்டு. கிரேக்கத் தீவுகளில் கொண்டைக்கடலையை அரைத்து, வெங்காயம் சேர்த்துத் தட்டிப் பொரிக்கிறார்கள். திருவொற்றியூர்த் தேநீர்க் கடையின் மசாலா வடைக்கும் அதற்கும் மூலப்பொருள் ஒரே பயறினம். யார் யாரிடம் கற்றார் என்ற வழக்கு இங்கே தேவையில்லை. பயறும் எண்ணெயும் பசியும் உள்ள இடத்தில் மனிதக் கை ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்கிறது.

நாம் சமைத்தது சென்னை யூதரின் உணவு என்று சொல்லிக்கொள்ளவும் உரிமையில்லை. அவர்கள் மேற்குக் கிளை. கெஃப்தே கிழக்குக் கிளையின் சொத்து. அந்தக் கிழக்குக் கிளைக்கு நேர்ந்தது இன்னும் கொடிது. 1943இல் சில மாதங்களுக்குள் சலோனிகாவின் 45,000க்கும் மேற்பட்ட யூதர்களை நாஜிகள் ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றினர். பெரும்பாலோர் திரும்பவில்லை. தப்பியோரும், முன்னரே வெளிநாடு சென்றோரும் தாயின் கைப்பக்குவத்தை நினைவிலிருந்து மீட்டுச் சமைத்தனர். பின்னர் எழுதியும் வைத்தனர். நம் அடுக்களைக்கு அது வந்தது அவ்வழியாகத்தான்.

இங்கே நம் நகரில் வாழ்ந்த கிளையிடமிருந்து கற்களும் ஒரு தெருப் பெயரும் எஞ்சின. கற்கள் பெயர்ந்துகொண்டே இருந்தன. பெயர் மட்டும் தெருவில் நின்றுவிட்டது. வடசென்னையில் தெருப் பெயர்களை மாற்றும் பேச்சு எழும்போதெல்லாம் நமக்குக் கவலை உண்டாவது இதனால்தான். அடுத்த முறை அவ்வழியே செல்லும்போது பெயர்ப் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். வீடு திரும்பி அடுப்பு மூட்டுவதாக இருந்தால், நீரை மட்டும் ஒட்டப் பிழிந்துவிடுங்கள்.