நீர்த்துப் போகச் செய்தல்: ஒரு சொல்லும் நம் பள்ளிகளும்



அண்மையில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாயார் என்னிடம், "ஐயா, 'வாட்டர் டவுன்' என்று ஆங்கிலத்தில் சொல்கிறோமே, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்று வினவினார். "நீர்த்துப் போகச் செய்தல்" என்று உடனே விடை கூறினேன். எனினும் அச்சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை.

ஆங்கிலத்தில் இத்தொடரின் நேர்ப்பொருள், பாலிலோ மதுவிலோ நீர் கலந்து அதன் வீரியத்தைக் குறைத்தல் என்பதாகும். இங்கிலாந்துக் கடற்படைத் தலைவர் எட்வர்ட் வெர்னன் 1740 ஆம் ஆண்டில், மாலுமிகளுக்கு வழங்கப்பெறும் ரம் மதுவில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர் கலந்து கொடுக்குமாறு கட்டளையிட்டார். அவர் மதுவின் அளவைக் குறைக்கவில்லை என்பதைக் கருத்தில் கொள்க. நீரைச் சேர்த்தார், வீரியம் குறைந்தது. பின்னர் இத்தொடர் சட்டம், கோரிக்கை, அறிக்கை, பாடத்திட்டம் முதலியவற்றுக்கும் ஆகிவந்தது.

தமிழில் நீர்த்தல் என்னும் வினை நமக்குப் புதியதன்று. 'நீர்த்த அமிலம்' என்று அறிவியல் நூல்கள் வழங்குகின்றன. செறிவு என்பது அதன் எதிர்ச்சொல். மாணாக்கர் சிலர் இதனை 'நீற்றுப் போதல்' என வல்லின றகரம் இட்டு எழுதுகின்றனர். நீற்றுதல் என்பது சுண்ணாம்பு முதலியவற்றை நீறாக்குதல். அது வேறு சொல். உடல் மெலிந்தது, சுவர் வலுவிழந்தது என்போம். உடலோ சுவரோ நீர்த்துப் போயிற்று என்று எழுதுதல் பொருந்தாது.

இச்சொல்லின் முழுப்பொருளை நான் ஏட்டில் கற்கவில்லை. ஜொகூர் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் கற்றேன். என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். வெட்டி எடுத்த பாலைக் கொட்டகையில் நிறுக்குமுன் கிராணியார் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை அதில் இட்டுப் பார்ப்பார். ரப்பர்ப் பாலில் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடே உலர்ந்த ரப்பராகும். நீர் சேர்ந்தால் வாளி நிறையும். உள்ளிருக்கும் ரப்பரோ ஓர் இம்மியும் கூடாது. "வாளியைப் பார்த்து ஏமாறாதே" என்பார் என் தந்தையார்.

இந்தப் பார்வையோடு நம் பள்ளிகளின் வரலாற்றை நோக்குவோம். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரேனும் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்க வழிசெய்தது. ஜொகூர் அக்கூட்டில் சேராத மாநிலம். எனினும் மலாயாவின் தோட்டப்பள்ளிகள் பலவற்றின் கதை ஒன்றுபோன்றதே. கொட்டகையே பள்ளியாயிற்று, கிராணியும் கங்காணியுமே ஆசிரியராயினர். பள்ளி என்னும் சொல் மாறவில்லை; அதன் பொருள் நீர்த்தது. பள்ளிகளின் எண்ணிக்கை பெருகியது, வாளி நிறைந்தது. ஆனால் மெட்ரோலாக்கை இட்டுப் பார்த்தோர் எத்தனை பேர்?

அடுத்து, சட்டத்தின் சொற்களையே நோக்குவோம். தேசியப் பள்ளிகளில் குறைந்தது 15 மாணாக்கரின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வேண்டும் என்னும் ஏற்பாடு 1952 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலேயே இடம்பெற்றது. 1996 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலும் சீனம், தமிழ் ஆகிய மொழிகளுக்கு அவ்வெண் தொடர்கிறது. அதே விதியில் பூர்வகுடி மொழிகளுக்கும் 15 பேர் என்னும் எண் உண்டு. ஆனால் அங்கே, 'நியாயமானதாகவும் நடைமுறைக்கு இயன்றதாகவும் இருப்பின்' என்னும் பொருள்படும் சில சொற்கள் கூடுதலாக உள்ளன. எதுவும் நீக்கப்படவில்லை, சில சொற்கள் சேர்க்கப்பட்டுள்ளன, அவ்வளவே. கேட்டால் கிடைக்கும் என்னும் உரிமை, கேட்டாலும் இயன்றால் கிடைக்கும் என்றாகி விடுகிறது. நீர்த்துப் போகச் செய்தல் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

ஆகவே எந்த ஆவணத்தைப் படித்தாலும், எதை நீக்கினார்கள் என்று மட்டும் தேடாதீர்கள். எதைச் சேர்த்தார்கள் என்றும் தேடுங்கள். மாணாக்கருக்கும் இதனைப் பழக்குங்கள்.

இவ்விடத்தில் என் குறை ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இடைநிலைப்பள்ளிக்கும் இந்த 15 பேர் விதி உண்டு. என் மகன் முதலாம் படிவத்தில் சேர்ந்த ஆண்டில் தமிழ் வகுப்புக் கேட்டுப் பெற்றோர் சிலர் கடிதம் எழுதினர். நான் கையொப்பமிட்டேன், பிறரைச் சென்று காணவில்லை. தமிழாசிரியனான நானே 'யாரேனும் பார்த்துக்கொள்வர்' என்றிருந்துவிட்டேன். பதினொரு கையொப்பங்களே சேர்ந்தன. அவ்வாண்டு வகுப்பு அமையவில்லை. என் மகன் சனிக்கிழமைகளில் வெளியே சென்று தமிழ் படித்தான். அவனுடைய வகுப்புத் தோழர்களுள் சிலர் அதன்பின் தமிழ் படிக்கவே இல்லை.

அவ்விதியில் நீர் கலக்கப்படவில்லை. அது செறிவோடுதான் இருந்தது. நாங்கள் நான்கு பேர் குறைந்தோம்.

கேள்வி எழுப்பிய அந்தத் தாயாரின் மகள் அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறாள். இம்முறை வீடு வீடாகச் செல்ல எண்ணியுள்ளேன். நீங்களும் உங்கள் ஊரில் பதினைந்து பேரைத் திரட்டுங்கள்.